கரைக்கு இருபது கெஜம்: யோலர விபத்தும் ஒரு தீவின் நினைவைத் திரட்டிய வரலாறும்

முதல் உலகப் போரிலிருந்து வீடு திரும்பியோரின் நினைவுகளைத் திரட்டப் புறப்படுபவர், திரும்பி வந்தவரின் வாசலில்தான் முதலில் போய் உட்காருவார். ஸ்காட்லாந்தின் வடமேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலின் ஓரத்தில் கிடக்கும் லூயிஸ் தீவில் அந்த வாசல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சாத்தியே இருந்தது. பிழைத்து வந்தவர் பேசவில்லை, இழந்தவர் கேட்கவில்லை, அவர்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு, வீட்டில் பேசக்கூடாத ஒன்று இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது. 1919 ஜனவரி முதல் நாள் அதிகாலையில் நிகழ்ந்த யோலர கப்பல் விபத்தில் அரசின் விசாரணை ஏடுகள் ஒருபுறமும் ஊராரின் நினைவு மறுபுறமும் நிற்கின்றன. ஒன்று விட்டதை மற்றொன்று சொல்கிறது. எது எதைத் திருத்தியது, எந்த இடத்தில் திருத்த முடியாமல் நின்றது என்பதைப் பின்தொடர்ந்து பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

அந்த இரவு

போர் தொடங்கியபோது லூயிஸின் மக்கள்தொகை ஏறத்தாழ 29,000. அவர்களுள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் படைகளில் சேர்ந்தனர். ஏறத்தாழ ஆயிரம் பேர் திரும்பவில்லை. சிறு நிலத்தில் உருளைக்கிழங்கும் ஓட்ஸும் பயிரிட்டுக்கொண்டு, பருவத்தில் மீன்பிடிக்கப் போகும் குடும்பங்கள் அவை. ஆண்டுதோறும் கிடைத்த சிறு தொகைக்காகப் பலர் முன்பே கடற்படைச் சேமப்படையில் பெயர் பதிந்திருந்தனர்; ஆகவே போர் வந்ததும் அவர்களில் பெரும்பாலோர் கடற்படைக்கே போயினர். கடலையே பிழைப்பாகக் கொண்ட இவர்கள் நான்கு ஆண்டு போர்க்கடலில் பிழைத்தார்கள் என்பதை மனத்தில் வைத்தால்தான், தீவார் இந்த விபத்தை ஏன் வேறு எந்தக் கடல் விபத்தோடும் சேர்த்துப் பேச மறுத்தார்கள் என்பது விளங்கும்.

1918 நவம்பர் 11 அன்று போர் ஓய்ந்தது. ஸ்காட்லாந்தின் சீர்திருத்தச் சபையினருக்கு அக்காலத்தில் கிறிஸ்துமஸைக் காட்டிலும் புத்தாண்டே பெரிய நாள். கிறிஸ்துமஸ் அந்நாட்டில் பொது விடுமுறையானதே 1958-இல்தான். எனவே புத்தாண்டுக்கு வீடு சேர விடுப்பு பெற்ற வீரர்கள் டிசம்பர் 31 மாலை, இரயில்பாதை முடிகின்ற கைல் ஆஃப் லோகல்ஷ் துறையில் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தார்கள். வழக்கமாகத் தீவுக்குச் செல்லும் அஞ்சல் கப்பலான ஷீலாவில் அத்தனை பேருக்கும் இடமில்லை. லூயிஸின் முதன்மை ஊரான ஸ்டார்னோவேயின் துறைமுகத்திலிருந்து கடற்படையின் யோலர அழைக்கப்பட்டது. செல்வர் ஒருவரின் உல்லாசக் கப்பலாகக் கட்டப்பட்டு, பின்னர் கடற்படைக்கு வந்த கப்பல் அது. தீவின் தாய்மொழியான கேலிக்கில் அப்பெயருக்குக் கழுகு என்று பொருள்.

இரவு ஏழரை மணியளவில் யோலர புறப்பட்டபோது அதில் ஏறத்தாழ 280 பேர் இருந்தனர். படகுகள் இரண்டு, இரண்டிலும் சேர்த்து நூறு பேர் ஏறலாம். உயிர்காக்கும் மிதவைக் கச்சைகள் 80. நள்ளிரவைக் கப்பலிலேயே கடந்தார்கள். புத்தாண்டு வாழ்த்தும் சொல்லிக்கொண்டார்கள். துறைமுக விளக்கு கண்ணுக்குத் தெரிந்த பிறகு, பலர் மூட்டை முடிச்சுகளைத் திரட்டிக்கொண்டு இறங்கத் தயாரான வேளையில், இரண்டு மணிக்குச் சற்று முன், துறைமுக வாயிலுக்குக் கிழக்கே, ஹோம் என்ற கரையை ஒட்டி, ‘ஹோம் மிருகங்கள்’ என்று ஊரார் பெயரிட்டிருந்த பாறைகளில் கப்பல் மோதியது. அந்த இடத்துக்கும் கரைக்கும் இடைப்பட்ட தூரம் இருபது கெஜம் அளவே. துறைமுகம் ஒரு மைல் அளவில் இருந்தது.

தீவின் வடமுனையிலுள்ள நெஸ் வட்டாரத்துப் படகுத் தச்சரான ஜான் எஃப். மெக்லியட் கயிறு ஒன்றைப் பற்றிக்கொண்டு அலைக்குள் குதித்துக் கரையேறினார். அந்தக் கயிற்றின் வழியே ஏறத்தாழ நாற்பது பேர் உயிரோடு கரை சேர்ந்தனர். அதே வட்டாரத்து இளைஞரான டொனால்ட் மாரிசன் பாய்மரத்தின் மேலேறிப் பொழுது விடியும்வரை அதைக் கட்டிக்கொண்டு கிடந்தார். பிழைத்தவர்கள் இருட்டில் தட்டுத்தடுமாறி அருகிலிருந்த ஸ்டோனிஃபீல்ட் பண்ணை வீட்டின் கதவைத் தட்டினர். கடற்கரையிலிருந்து கப்பலுக்குக் கயிறு எய்யும் மீட்புச் சாதனம் வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. இறந்தோர் 201 பேர்: லூயிஸ் தீவினர் 174, அண்டைய ஹாரிஸைச் சேர்ந்தோர் 7, கப்பல் பணியாளர் 18, பிற பயணிகள் 2. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் உடல்களைக் கடல் திருப்பித் தரவேயில்லை.

ஏடுகள் சொன்னதும் சொல்லாததும்

முதல் விசாரணையைக் கடற்படையே ஜனவரி 8 அன்று மூடிய அறைக்குள் நடத்தியது. உயிர் பிழைத்த அதிகாரி ஒருவரும் இல்லை. எனவே யார்மீதும் பழி சொல்ல இயலாது என்பதே அதன் முடிவு. அந்த ஏடுகள் 1970 வரை வெளிவரவில்லை. பிப்ரவரி 10 அன்று ஸ்டார்னோவேயில் நடுவர் குழுவின் முன் தொடங்கிய பொது விசாரணை இதைவிடத் துணிவானது. துறைமுகத்தை அணுகும்போது கப்பலை நடத்திய அதிகாரி போதிய எச்சரிக்கையோடு இருக்கவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை, முன்னே நோக்கும் காவலாள் நிறுத்தப்படவில்லை, படகுகளும் மிதவைகளும் போதவில்லை, மீட்புச் சாதனம் வரத் தாமதமாயிற்று என்று அது வரிசையாகச் சொன்னது. ஹோம் பக்கத்தில் விளக்கு ஒன்று அமைக்க வேண்டும், இனி வீரர்களை ஊருக்கு அனுப்பும்போது பாதுகாப்பான பயணத்துக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

இவ்வளவும் கப்பலைப் பற்றிய விசாரணை. அதை நன்றாகவே செய்தார்கள். ஆனால் பயணிகள் யார் யார் என்ற முழுமையான பட்டியல் ஒன்றுகூட இல்லை என்ற உண்மை அந்த ஏடுகளுக்கு இடையே ஒரு பள்ளம்போலக் கிடக்கிறது. கைல் துறையில் அவசரமாக ஏற்றினார்கள். ஷீலாவில் ஏற வேண்டியவர் தோழரோடு சேர்ந்துபோக யோலரவுக்கு மாறியதும், யோலரவிலிருந்து ஷீலாவுக்கு மாறியதும் உண்டு. இறந்தோர் எத்தனை பேர் என்பதைக் கூடக் கரைக்கு வந்த உடல்களையும் வீட்டுக்கு வராத ஆட்களையும் வைத்தே கணக்கிட வேண்டியிருந்தது. நெடுங்காலம் 205 என்றே எழுதியும் சொல்லியும் வந்தார்கள்.

விபத்து நடந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில், உடல்கள் பல இன்னும் கிடைக்காத நிலையில், சிதைந்த கப்பலைக் கடற்படை விற்பனைக்கு விட்டது. இந்தச் செய்தியை ஏட்டில் படிப்பவருக்கு அது ஒரு நிர்வாக நடவடிக்கை. தீவின் நினைவிலோ, அந்த விளம்பரம் விபத்தைவிட ஆறாத புண்ணாக நிலைத்தது. நான் பார்த்தவரை, யோலரவைப் பற்றிய எந்த ஊர்ப்பேச்சிலும் இந்தச் செய்தி விடுபடுவதில்லை.

மௌனம்

இந்த மௌனத்துக்கு ஒற்றைக் காரணம் தேடுவது பிழை என்றே கருதுகிறேன். பிழைத்தவர் நாள்தோறும் நடக்கும் பாதையில்தான் இறந்தவரின் தாயும் மனைவியும் நடந்தார்கள். ஒரே ஊரில் ஒரு வீட்டு மகன் வந்தான், அடுத்த வீட்டு மகன் வரவில்லை என்றால், வந்தவனின் வீட்டார்கூட மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ள முடியாது. தான் உயிரோடிருப்பதையே குற்றமாக உணர்ந்த பலர், இழந்த வீட்டாரின் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போனதைப் பின்னாளில் அவர்தம் பிள்ளைகள் சொன்னார்கள். அடுத்து, இறைவன் செயலைக் கேள்வி கேட்பதாகாது என்ற கடுமையான சமயக் கட்டுப்பாடு. அதற்கும் அடுத்து மொழி. விசாரணை ஆங்கிலத்தில் பதிவாயிற்று. துயரம் கேலிக்கில் இருந்தது.

எல்லா வட்டாரத்திலும் சாவு விழுந்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துக்கம் ஒரு வீட்டில் என்றால் ஊர் வந்து கேட்கும், அவர்களும் சொல்லி அழுவார்கள். ஊரே துக்க வீடாகும்போது கேட்க வருகிறவர் யார்? ஒப்பாரி வைத்து ஆற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு அந்தத் தீவின் அடக்கம் சற்று அச்சமூட்டுகிறது.

முதலில் வாய் திறந்தது பாட்டுதான். ஊர்ப் பாவலர்கள் கேலிக்கில் பாடிய இரங்கற்பாக்கள், உரைநடையில் எவரும் சொல்லத் துணியாததைச் சொல்லின. விபத்து நடந்த கரையில் நினைவுத்தூண் எழுவதற்குள் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. பிபிசியின் கேலிக் ஒலிபரப்புக்காகப் பிழைத்தோர் சிலரின் குரல்கள் பதிவாயின. கடற்படை ஏடுகள் திறந்தபின், விபத்தைப் பற்றிய முதல் முழுநூல் 1978-இல் வந்தது. அதுவும் கேலிக்கிலேயே வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

திரட்டிய முறை

1977-இல் நெஸ் வட்டாரத்தில் ஊர் வரலாற்றுக் கழகம் ஒன்று தொடங்கியது. அதைப் பின்பற்றித் தீவின் பிற வட்டாரங்களிலும் கழகங்கள் தோன்றின. பல்கலைக்கழக அறிஞர் வந்து கேட்டுவிட்டுப் போகும் முறைக்கு மாறாக, ஊராரே ஊராரிடம் கேட்டுத் தொகுத்தார்கள். புகைப்படம், கடிதம், வம்சாவளி, ஒவ்வொரு குடிநிலத்திலும் (ஒரு குடும்பம் பயிரிட்டு வாழும் சிறு நிலத்திலும்) யார் யார் வாழ்ந்தார்கள் என்ற வரலாறு ஆகியவை சேர்ந்தன. யோலர அவர்கள் எடுத்த தனித் தலைப்பன்று. குடிநிலம் குடிநிலமாக வரலாறு எழுதிக்கொண்டு போனபோது, பல வீடுகளில் 1919 ஜனவரி என்ற இடத்தில் எழுதுகோல் தானாகவே நின்றது.

இம்முறையின் பயன் முதலில் பெயர்களில் தெரிந்தது. லூயிஸில் குடும்பப் பெயர்கள் மிகச் சில: மெக்லியட், மெக்டொனால்ட், மாரிசன், மெக்கே. முதற்பெயர்களும் தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் திரும்பத் திரும்ப வருபவை. கடற்படைப் பட்டியலில் ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள். எழுத்தருக்கு அவர்களைப் பிரித்தறிய வழியில்லை. ஊராரோ தந்தை, பாட்டன் பெயர்களை அடுக்கிச் சொல்லும் மரபாலும் பட்டப்பெயராலும் ஆளை அறிந்தார்கள். பாய்மரத்தில் தொங்கிப் பிழைத்த டொனால்ட் மாரிசனைத் தீவில் ‘அம் பாட்ச்’ என்றால்தான் தெரியும். நம் ஊர்களில் வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லிக் கேட்டால் விழித்துவிட்டு, வீட்டுப் பெயரைச் சொன்னதும் வழிகாட்டுகிறார்களே, அதே கதைதான். இந்த அறிவு எந்த அலுவலகத்திலும் இல்லை. மூத்தவர்களின் வாயில் இருந்தது. நூற்றாண்டு நெருங்கியபோது உள்ளூர் வரலாற்றாளர்கள் ஊர் ஊராக, குடிநிலம் குடிநிலமாகச் சரிபார்த்து 205 என்ற எண்ணை 201 ஆகத் திருத்தினார்கள். நினைவு நம்பத்தகாதது, ஏடே நம்பத்தக்கது என்று பொதுவாகச் சொல்கிறோம். இங்கே நிலைமை தலைகீழ்.

இரண்டாவதாகக் கிடைத்தது காத்திருந்த வீடுகளின் வரலாறு. எந்த விசாரணையும் அதைக் கேட்கவில்லை. விளக்கு ஏற்றி வைத்த சன்னல், அணையாமல் காத்த அடுப்பு, நனைந்து வருவான் என்று நெருப்பருகே விரித்து வைத்த மாற்றுடை, வந்ததும் உண்ண எடுத்து வைத்த உணவு என்று, வெவ்வேறு ஊரினர் ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஏறத்தாழ ஒரே பொருள்களைச் சொல்கிறார்கள். பொழுது விடிந்தபின் கரையில் ஒதுங்கியவற்றில், பிள்ளைகளுக்காக வாங்கிவந்த விளையாட்டுப் பொருள்களும் இருந்தன. ஸ்டார்னோவேயில் கடற்படை இடத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களுக்கு இடையே தந்தையர் தேடி நடந்ததும், சவப்பெட்டிகளை ஏற்றிய வண்டிகள் சிற்றூர்களை நோக்கி வரிசையாகப் போனதும் அன்று சிறுவராக இருந்தோரின் நினைவில் பதிந்தன. போன தலைமுறை சொல்லாததை இவர்களால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், இவர்கள் கண்டது கப்பலை அன்று, வண்டியை. திரட்டுவோர் இதில் ஒன்றைக் கவனிக்கலாம்: ‘விபத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் அடைத்துக்கொள்ளும் வாய், ‘அன்று உங்கள் வீட்டில் என்ன சமைத்திருந்தார்கள்’ என்றால் திறக்கும்.

சிக்கலானவையும் உடன் வந்தன. கப்பலின் அதிகாரிகள் குடித்திருந்தார்கள் என்ற பேச்சு விபத்து நாளிலிருந்தே தீவில் உலவியது. பொது விசாரணையில் சாட்சி சொன்ன பிழைத்தோர் எவரும் அதை உறுதிப்படுத்தவில்லை. யாரும் போதையில் இருந்ததற்குச் சான்று இல்லை என்றே முடிந்தது. ஆயினும் அடுத்தடுத்த தலைமுறையின் வாய்மொழியில் அது உயிரோடிருந்தது. புத்தாண்டு இரவு என்பதால் எளிதில் ஒட்டிக்கொண்ட பேச்சு என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் காரணம் கேட்டவர்களிடம் கடற்படை ஏட்டை மூடி வைத்துக்கொண்டது. அந்த வெற்றிடத்தை ஊர் தன் கையில் கிடைத்ததைக் கொண்டு நிரப்பியது. எனவே வதந்தியை உண்மையாகப் பதியாமல், வதந்தியாகவே, யாரிடமிருந்து எப்போது கேட்டது என்ற குறிப்போடு பதிவதே முறை.

முன்னறிகுறிக் கதைகளும் அவ்வாறே. தீவின் மரபில் ‘இரண்டாம் பார்வை’ என்ற நம்பிக்கை உண்டு. சாவை முன்கூட்டியே காணும் ஆற்றல் சிலருக்கு வாய்க்கும் என்பார்கள். அந்த மார்கழிக் குளிரில் பாதையில் சவ ஊர்வலத்தின் சாயலைக் கண்டதாகவும் கனவில் நீர் சொட்டும் உடையோடு மகன் வந்து நின்றதாகவும் சொல்லும் வகைக் கதைகள் பலவற்றை ஊர்கள் சேர்த்து வைத்திருக்கின்றன. இவற்றை நீக்கிவிட்டுத் ‘தரவு’களை மட்டும் எடுக்கலாம் என்பாருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நடந்தது இன்னதென்று அறிய இக்கதைகள் உதவா, நடந்ததோடு அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய இவற்றைவிட நல்ல சான்று இல்லை. தாங்க முடியாத தற்செயலை, முன்பே எழுதப்பட்டது என்று மாற்றிக்கொண்டால் தாங்கலாம்.

பிழைத்தவருக்குப் பின் நடந்தது

யோலரவின் நினைவு பெரிதாக நின்றதில் ஓர் இழப்பும் உண்டு. அன்றிரவு ஷீலாவில் பத்திரமாக வந்தவர்களும், பின்னர் தரைப்படையிலிருந்து தனித்தனியே வந்தவர்களும் தீவின் கதையில் மங்கிப்போனார்கள். அவர்கள் வந்து பார்த்த ஊரில் நிலம் இல்லை. போருக்குப்பின் நிலம் தருவதாக அரசு சொல்லியிருந்தது; 1918-இல் தீவை விலைக்கு வாங்கியிருந்த சோப்புத் தொழிலதிபர் லீவர்ஹுல்ம் பிரபுவோ, மீன்பதனிடும் தொழிலைப் பெருக்கும் திட்டத்தில் பண்ணைகளைக் கூறுபோட மறுத்தார். 1919 முதல் கோல், கிரெஸ் பண்ணைகளில் முன்னாள் வீரர்கள் அத்துமீறி நுழைந்து நிலத்தை அளந்து பிரித்துக்கொண்டனர். இந்த நினைவுகளைத் திரட்டுவது யோலரவைப் போல் கடினமாக இருக்கவில்லை. நிலப் போராட்டம் பெருமையோடு சொல்லத்தக்கது, விபத்து அப்படிப்பட்டதன்று.

லீவர்ஹுல்மின் திட்டங்கள் சரிந்தன. 1923 ஏப்ரலில் மெட்டகாமா என்ற கப்பல் ஸ்டார்னோவே துறையிலிருந்து ஏறத்தாழ 300 பேரை ஏற்றிக்கொண்டு கனடாவுக்குப் போயிற்று. பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். வாய்மொழியில் இந்த இரு கப்பல்களும் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றைச் சொல்லத் தொடங்கியவர் மற்றொன்றில் முடிக்கிறார். யோலரவால்தான் இளைஞர் வெளியேறினர் என்று நேர்க்கோடு இழுப்பதற்குப் பொருளியல் இடம் தராது. மீன் சந்தை வீழ்ந்ததும் நிலமின்மையும் அதைவிடப் பெரிய காரணங்கள். கதை சொல்லும் ஒழுங்கு வேறு, காரண ஒழுங்கு வேறு என்பதைத் தொகுப்பவர் குறித்துவைக்க வேண்டும். சொல்பவரைத் திருத்த வேண்டியதில்லை.

1990-களின் தொடக்கத்தோடு பிழைத்தோர் அனைவரும் மறைந்துவிட்டனர். பேரப்பிள்ளைகள் தாம் கேட்டவற்றை அடுத்த தலைமுறைக்குச் சொல்கிறார்கள். கேட்டவற்றில் பெரும்பகுதி, தாத்தா எதையும் சொன்னதில்லை என்பதே. அதையும் பதிகிறார்கள். ஒருவர் எந்தச் சொல் வந்ததும் எழுந்து வெளியே போனார், புத்தாண்டு இரவில் ஏன் அந்த வீட்டில் மட்டும் கொண்டாட்டம் இல்லை என்பதெல்லாம் அந்த மௌனத்தின் வடிவைக் காட்டும் செய்திகள்.

நூற்றாண்டையொட்டி 2018-இல் ஸ்டார்னோவே துறைமுகத்தில், யோலரவின் உருவில், ஆளுக்கொன்றாக 280 மரக்கம்பங்கள் நடப்பட்டன. இரவில் அவற்றுக்கு ஒளியூட்டுகிறார்கள். அங்கிருந்து சிறிது தொலைவில், ஹோம் கரையில் முன்பே நின்ற நினைவுத்தூணில், பட்டியல் இல்லாத காலத்துக் கணக்கின்படி, இறந்தோர் 205 என்று பொறித்திருக்கிறது.